கண்மாய்த் தண்ணீரிலிருந்து ஒரு ஜீனோம்: சாம்பிள் அனுப்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒருசெல் உயிரிகளின் ஜீனோமை, அதாவது மொத்த டி.என்.ஏ-வையும், படித்து அவற்றின் பரிணாமத்தை ஆராய வேண்டும் என்ற ஆசையோடு பிஎச்டி சேர்கிறவர்கள் நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் குறைவுதான். அப்படிச் சேர்ந்தவள் நான். எங்கள் கைடு பாடுபட்டு வாங்கிய திட்டப் பணத்தில் ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல் கரைந்து, ஏறக்குறைய ஒன்றரை வருடமும் போன பிறகுதான் உருப்படியான தரவு கைக்கு வந்தது. நான் முட்டி நின்ற இடங்கள் எல்லாமே உலகத்தில் எங்கோ சிலருக்கு ஏற்கெனவே தெரிந்தவை. எங்கள் துறையில் அதைச் சொல்ல ஆள் இல்லை. அடுத்து இந்தப் பக்கம் வரும் தம்பி தங்கைகளுக்கு அந்த நிலைமை வர வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் உயிரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் வற்றத் தொடங்கும் மாசி, பங்குனி மாதங்களில் கரையோரச் செத்தையைக் கொஞ்சம் தண்ணீரோடு பாட்டிலில் அள்ளி வந்து, வைக்கோல் ஊறிய தண்ணீரில் விட்டுவைத்தால் சில நாளிலேயே விதவிதமான சிலியேட்கள் பெருகிவிடும். சிலியேட் என்றால் உடம்பில் குறு இழைகள் கொண்ட ஒருசெல் உயிரி. பள்ளிப் பாடத்தில் படித்த பாரமீசியமும் அந்தக் கூட்டம்தான். நான் எடுத்துக்கொண்டது ஸ்டைலோனிக்கியா பேரினத்தைச் சேர்ந்த ஒன்று. நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இதன் குறு இழைகள் கற்றை கற்றையாகச் சேர்ந்து கால் மாதிரி வேலை செய்யும். நீந்திக்கொண்டே வந்து, சட்டென்று நின்று, கண்ணாடி மேல் நடக்கும். மூளையும் நரம்பும் இல்லாத ஒரே ஒரு செல், தடங்கலில் முட்டினால் பின்வாங்கித் திசை மாற்றிப் போகும். முதல்முறை பார்த்தபோது மைக்ரோஸ்கோப்பை விட்டு எழவே மனம் வரவில்லை. இன்றைக்கும் அப்படித்தான்.

இதன் உள்ளே இருக்கும் ஜீனோம் இன்னும் பெரிய ஆச்சரியம். பிறகு வந்த சிக்கல்கள் அத்தனைக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிலியேட்களுக்கு இரண்டு வகை உட்கரு உண்டு. சிறிய உட்கரு அடுத்த தலைமுறைக்கான பிரதியைப் பத்திரமாக வைத்திருக்கும், தினசரி வேலைக்கு அதைத் திறப்பதில்லை. செல்லின் அன்றாட வேலை முழுவதையும் பெரிய உட்கரு பார்த்துக்கொள்ளும். இரண்டு செல்கள் இணைந்து பிரிந்த பிறகு, சிறிய உட்கருவின் டி.என்.ஏ-வை வெட்டி, தேவையில்லாததை எறிந்து, மீதியை வரிசை மாற்றி ஒட்டி, புதிய பெரிய உட்கரு ஒன்றைக் கட்டிக்கொள்ளும். ஸ்டைலோனிக்கியாவுக்கு நெருங்கிய உறவான ஆக்சிட்ரிக்கா டிரைஃபேலக்ஸ் என்ற சிலியேட்டில் இந்த வேலையில் ஜீனோமின் 90 சதவீதத்துக்கு மேல் தூக்கி எறியப்படுகிறது. மிச்சமுள்ள 2,25,000-க்கும் அதிகமான துண்டுகள் சரியான வரிசையில் கோக்கப்படுகின்றன. இது 2014-இல் வெளியானது. அதற்கு முந்தைய வருடம் அமெரிக்க ஆய்வாளர் லாரா லேண்ட்வெபரின் குழு பெரிய உட்கருவின் ஜீனோமை வெளியிட்டபோது, அதில் சுமார் 16,000 குரோமோசோம்கள் இருப்பது தெரிந்தது. மனிதனின் 46-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒவ்வொன்றும் சராசரியாக 3,200 எழுத்து (டி.என்.ஏ-வின் ஏ, டி, ஜி, சி) நீளம்தான். பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு மரபணு. இரண்டு முனையிலும் டெலோமியர், அதாவது முனையைக் காக்கும் மூடி போன்ற பகுதி. இவற்றை நானோகுரோமோசோம் என்கிறார்கள். ஒவ்வொன்றும் செல்லுக்குள் சராசரியாக 1,900 நகல்கள் இருக்கும். ஸ்டைலோனிக்கியாவும் இதே அமைப்புதான். அதன் உறவினம் ஒன்றின் ஜீனோம் 2014-இல் வந்திருக்கிறது. நம் பகுதி நீர்நிலைகளில் வாழும் வகையை அதோடு ஒப்பிட்டு, குரோமோசோம்கள் எப்படிப் பிளந்தும் சேர்ந்தும் பரிணமித்தன என்று பார்ப்பதுதான் என் வேலை.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். எழுத்து வரிசையைப் படித்துத் தரும் சீக்வென்சிங் நிறுவனத்துக்கு டி.என்.ஏ அனுப்பினால் முதலில் க்யூசி, அதாவது தரச் சோதனை, பார்ப்பார்கள். துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, மேலே கனமாக ஒரே பட்டை தெரிந்தால் டி.என்.ஏ முழுசாக இருக்கிறது என்று பொருள். கீழே வரை இழுபட்டுத் தெரிந்தால் அது ஸ்மியர், அதாவது சிதைந்துபோன டி.என்.ஏ. எனக்கு வந்த ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் ‘க்யூசி ஃபெயில், டி.என்.ஏ டிகிரேடட்’ என்று இருந்தது. மறுபடி பிரித்தெடுத்தேன், வேறு கிட் வாங்கி முயன்றேன், ஐஸ் மேலேயே வைத்து வேலை பார்த்தேன், கூரியரை உலர் ஐஸுக்கு மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் அதே ஸ்மியர், அதே சிவப்பு எழுத்து. கிட் விலை, க்யூசி கட்டணம், கூரியர் என்று சின்னச் சின்னதாகப் போன பணம் கூட்டிப் பார்த்தால் பதினைந்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதைவிட மோசம், என் கையே சரியில்லை என்று நானே நம்பத் தொடங்கியது. பக்கத்து லேபில் பாக்டீரியா வேலை செய்கிறவர்களுக்கு முதல் தடவையே அழகான பட்டை வருகிறது. எனக்கு மட்டும் வரவில்லை. அந்த மாதங்களில் லேபுக்குப் போகவே பிடிக்காமல் இருந்தது.

உண்மை என்னவென்றால், இந்த வகைச் சிலியேட்டின் பெரிய உட்கரு டி.என்.ஏ ஜெல்லில் அப்படித்தான் தெரியும். அதன் குரோமோசோம்களே குட்டை. சில நூறு எழுத்திலிருந்து இருபதாயிரம் எழுத்து வரை பல அளவில் ஆயிரக்கணக்கில் இருப்பதால், ஜெல்லில் இழுபட்ட ஸ்மியரும் அதன் நடுவே சில மெல்லிய பட்டைகளும்தான் வரும். 1970-களிலேயே, சீக்வென்சிங் எல்லாம் வருவதற்கு முன்பே, இந்த உயிரிகளின் டி.என்.ஏ மரபணு அளவுத் துண்டுகளாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். நான் தோல்வி என்று ஒதுக்கிய ஜெல்தான் டி.என்.ஏ நன்றாக இருந்ததற்குச் சாட்சி. ஆகவே இந்த உயிரிகளோடு வேலை செய்கிறவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பும் முன்பு, உங்கள் உயிரியின் டி.என்.ஏ ஜெல்லில் எப்படித் தெரிய வேண்டும் என்று பழைய கட்டுரைகளில் தேடிப் பாருங்கள். அந்தப் படத்தை சாம்பிளோடு சேர்த்து அனுப்பி, ‘இது இயல்பு’ என்று எழுத்தில் சொல்லுங்கள். ஸ்மியரின் நடுவே மெல்லிய பட்டைகள் தெரிகிறதா என்று உற்றுப் பாருங்கள். சிதைந்த டி.என்.ஏ-வில் அந்தப் பட்டைகள் இருக்காது. பெரிய குரோமோசோம் உள்ள வேறொரு உயிரியை அதே கிட்டில், அதே நாளில் பிரித்து பக்கத்துக் குழியில் ஓட்டிக் காட்டுவது இன்னும் நல்லது. அதற்குப் பட்டை வந்தால் உங்கள் கையில் குறை இல்லை என்று யாருக்கும் புரியும்.

ஆனால் இது தெரிய வருவதற்குள் பெரிய செலவு ஒன்று நடந்துவிட்டது. நிறுவனத்தின் தரப்பில் பேசியவர், ‘மேடம், புது உயிரி என்கிறீர்கள், ரெஃபரன்ஸ் கிடையாது, நீளமான ரீட் எடுங்கள், அதுதான் இப்போது எல்லாரும் செய்வது’ என்றார். ரீட் என்பது எந்திரம் ஒரே தடவையில் படிக்கும் டி.என்.ஏ துண்டு; ரெஃபரன்ஸ் என்பது ஒப்பிட ஏற்கெனவே இருக்கும் ஜீனோம். பொதுவாகப் பார்த்தால் அது நியாயமான ஆலோசனைதான். நீளமான ரீட் கிடைத்தால் ஜீனோமைக் கோப்பது சுலபம். ஜிஎஸ்டி 18 சதவீதத்தோடு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வாக்கில் வந்தது. கமிட்டியில் ஒப்புதல் வாங்கி, மூன்று கொட்டேஷன் வைத்து, பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு, பணம் கட்டி முடிக்கவே மாதக்கணக்கானது. நீளமான ரீட் எடுக்கும்போது குட்டைத் துண்டுகளை முதலிலேயே நீக்கிவிடுவார்கள். பத்தாயிரம் எழுத்துக்குக் குறைவானதைக் கழிப்பது அவர்களின் வழக்கமான நடைமுறை. என் உயிரியின் குரோமோசோம்களில் மிகப் பெரும்பாலானவை அதற்குக் கீழேதான். தண்ணீரில் உணவாக இருந்த பாக்டீரியாக்களின் டி.என்.ஏ-வோ லட்சக்கணக்கான எழுத்து நீளம். அரிசியை அரிக்கும்போது கல்லை வைத்துக்கொண்டு அரிசியைக் கொட்டினால் எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிட்டது. வந்த தரவில் அழகழகாக முழு வட்டமாகக் கோத்த பாக்டீரியா ஜீனோம்கள் இருந்தன. ஸ்டைலோனிக்கியா என்று சொல்லிக்கொள்ளப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிறுவனத்திடம் கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் சொன்ன அளவு தரவு தந்துவிட்டோம், எந்த உயிரியின் தரவு என்பது எங்கள் பொறுப்பு இல்லை என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தைத் திரும்பப் படித்தேன். அப்படித்தான் எழுதியிருந்தது.

அன்று ஹாஸ்டலுக்குப் போய் யாரிடமும் பேசவில்லை. ஜேஆர்எஃப்புக்கு (இளநிலை ஆய்வாளருக்கு) மாதம் 37,000 உதவித்தொகை வருகிறது. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி சில்லறைச் செலவுக்குத் தரும் கண்டிஞ்சென்சி முதல் இரண்டு வருடம் வருடத்துக்கு 12,000 ரூபாய்தான். அதில் ஒரு கிட் வாங்கலாம், சீக்வென்சிங் செய்ய முடியாது. போனது கைடின் திட்டப் பணம். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அடுத்து நடந்த டாக்டோரல் கமிட்டியில் ஒருவர், ‘வேறு தலைப்புக்கு மாறிக்கொள்வது நல்லது’ என்று அக்கறையோடுதான் சொன்னார். பாரமீசியம் மாதிரி எல்லாரும் வேலை செய்யும் உயிரி ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்றார். ஒரு வாரம் நானும் அதையே யோசித்தேன்.

அந்த வாரத்தில்தான் நான் செய்த ஒரு காரியம் எல்லாவற்றையும் மாற்றியது. சிலியேட் ஜீனோம் கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினேன். நீளமாக எழுதவில்லை. இன்ன உயிரி, இன்ன இடத்தில் எடுத்தது, ஜெல் படம் இது, என் கேள்வி இது, அவ்வளவுதான். சிலர் பதில் போடவில்லை. சிலர் அன்றே போட்டார்கள். ஒருவர் என்னை ஐரோப்பாவில் போஸ்ட்டாக்காக (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வாளராக) இருக்கும் ஒரு தமிழ் அக்காவோடு இணைத்துவிட்டார். அக்கா ஜெல் படத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டு, ‘இதைப் போயா டிகிரேடட்னு சொன்னாங்க? இவ்வளவு சுத்தமான நானோகுரோமோசோம் ஸ்மியரை நான் பார்த்து நாளாச்சு’ என்றார். பல மாதம் சுமந்த பாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இறங்கியது. உங்கள் உயிரியை நேரில் கையாண்டவர் ஒருவரையாவது வேலை தொடங்கும் முன்பே தேடிப் பிடித்துவிடுங்கள். சின்னத் துறை இது, கேட்டால் மனிதர்கள் உதவுகிறார்கள். தயக்கத்தில் நான் கழித்த மாதங்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

அக்கா முதலில் சொன்னது நீளமான ரீட்டை மறந்துவிடு என்பதுதான். குட்டையான ரீட்டே இந்த ஜீனோமுக்குப் போதும், ஏனென்றால் குரோமோசோமே குட்டை. அப்புறம் ஒரு நுணுக்கம் சொன்னார், அதை எந்த விளம்பரத் தாளிலும் பார்க்க முடியாது. லைப்ரரி (எந்திரத்தில் ஏற்றுவதற்கான டி.என்.ஏ துண்டுகளின் தொகுப்பு) தயாரிக்கும்போது டி.என்.ஏ-வை வெட்ட டிரான்ஸ்போசேஸ் என்சைமைப் பயன்படுத்தும் முறை இப்போது பரவலாக இருக்கிறது, மலிவும் கூட. ஆனால் அது நீள்கோட்டு டி.என்.ஏ-வின் கடைசி முனைகளை அநேகமாக விட்டுவிடும். சாதாரண ஜீனோமில் முனைகள் கொஞ்சம்தான், யாருக்கும் நட்டமில்லை. இந்த உயிரியில் ஆயிரக்கணக்கான குரோமோசோம்கள், எல்லாவற்றிலும் இரண்டு முனை, முனையில்தான் டெலோமியர். ஆகவே ஒலி அலையால் உடைத்து, அடாப்டர் என்ற சிறு டி.என்.ஏ துண்டை முனைகளில் ஒட்டும் முறையைத்தான் கேட்க வேண்டும். கொட்டேஷனில் அந்த வரியை எழுத வைத்தேன். நான் விவரம் கேட்டபோது நிறுவனத்தில் பேசியவருக்கும் முதலில் புரியவில்லை. டெக்னிக்கல் ஆளை இணைப்பில் எடுக்கச் சொன்ன பிறகுதான் சரியான பதில் வந்தது. விற்பனைப் பிரிவோடு மட்டும் பேசி முடிவெடுக்காதீர்கள். லைப்ரரி செய்கிறவரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை.

அடுத்தது பாக்டீரியா. ஒருசெல் உயிரி ஜீனோமில் இதைவிடப் பெரிய எதிரி இல்லை. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு நீர்க்கரடி (டார்டிகிரேட் என்ற நுண்விலங்கு) விவகாரமே போதும். 2015-இல் ஒரு குழு நீர்க்கரடியின் மரபணுக்களில் ஆறில் ஒரு பங்கு பாக்டீரியா போன்ற வேறு உயிரிகளிடமிருந்து தாவி வந்தவை என்று கட்டுரை வெளியிட்டது, உலகமெங்கும் செய்தி ஆனது. கொஞ்ச காலத்திலேயே அதே இனத்தைத் தனியாக சீக்வென்ஸ் செய்திருந்த எடின்பரோ குழு, அவற்றில் பெரும்பாலானவை மாசு என்று காட்டிவிட்டது. நீர்க்கரடி பல செல் விலங்கு. அதற்கே இந்த நிலை என்றால், பாக்டீரியாவைத் தின்று வயிற்றில் வைத்திருக்கும் ஒற்றைச் செல்லுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். மரபணு தாவல் என்பது ஒருசெல் உயிரிகளின் பரிணாமத்தில் உண்மையாகவே நடக்கிற ஒன்று. அதனால்தான் பொய்யான தாவலை உண்மையிலிருந்து பிரிப்பது இவ்வளவு முக்கியம்.

நான் கடைசியில் செய்த முறை இது. வைக்கோல் தண்ணீரை நிறுத்திவிட்டு, கிளாமிடோமோனஸ் என்ற பச்சைப் பாசியை உணவாகக் கொடுத்தேன். அதன் ஜீனோம் முழுவதும் தெரியும் என்பதால், வந்த ரீட்களில் அதனுடையதைக் கணினியில் கழித்துவிடலாம். தவிர அதில் ஜி, சி எழுத்துகள் 64 சதவீதம். ஆக்சிட்ரிக்கா வகையில் அது 30 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆக, கழிபடாமல் தப்பித்த பாசித் துண்டும் தனியாகத் தெரிந்துவிடும். பிறகு செல்களை ஒவ்வொன்றாக, தீயில் காட்டி இழுத்த மெல்லிய கண்ணாடிப் பிப்பெட்டால் உறிஞ்சி, சுத்தமான தண்ணீர்த் துளிகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கழுவினேன். அதன் பின் ஒரு இரவு பட்டினி போட்டால் வயிற்றுக் குமிழிகளில் இருப்பது செரித்துவிடும். கழுத்து வலிக்கும், கண் எரியும், ஆனால் பலன் உண்டு. நானோகுரோமோசோம் ஒவ்வொன்றும் அத்தனை நகல்கள் இருப்பதால், நிறையச் செல் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆன்டிபயாடிக் போட்டால் சுலபமாக முடியுமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போடலாம், பார்த்துப் போடுங்கள். யூப்ளோட்டஸ் என்ற சிலியேட்டின் சில இனங்கள் தங்களுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா இல்லாமல் வாழவே முடியாதவை. பென்சிலின் கொடுத்தால் பாக்டீரியாவோடு அந்தச் செல்லும் செத்துவிடும். விலங்குகளுக்கு மிக நெருங்கிய ஒருசெல் உறவான கோயனோஃபிளாஜெல்லேட்டுகளில் நடந்தது இன்னும் சுவாரசியம். ஜீனோம் சீக்வென்சிங்குக்காக பாக்டீரியாவைக் குறைக்க லேபில் வளர்த்த ஒரு கல்ச்சரில் ஆன்டிபயாடிக் சேர்த்தார்கள். அதுவரை பூப்போலக் கூட்டமாகச் சேர்ந்து வளர்ந்த செல்கள் கூட்டம் சேர்வதை அநேகமாக நிறுத்திவிட்டன. காரணத்தைத் தேடிப் போன அமெரிக்க உயிரியலாளர் நிக்கோல் கிங்கின் குழு, குறிப்பிட்ட ஒரு பாக்டீரியா வெளியிடும் கொழுப்புப் பொருள்தான் அந்தச் செல்களைக் கூடச் செய்கிறது என்று 2012-இல் வெளியிட்டது. ஆகவே ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன் கல்ச்சரில் பாதியைத் தொடாமல் எடுத்து வையுங்கள். கொடுத்த பிறகு நடத்தையில் ஏதாவது மாறினால் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அடுத்த கட்டுரைக்கான விஷயம் அங்கேயே இருக்கலாம்.

இரண்டாவது சுற்றின் தரவு வந்தபோதும் நிறுவனம் தந்த ரிப்போர்ட் படுமோசமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த முறை பயப்படவில்லை. என்50 (கோத்த துண்டுகள் எவ்வளவு நீளம் என்பதற்கான அளவுகோல்) மூவாயிரத்தை ஒட்டி இருந்தது, ‘மிகத் துண்டுபட்ட அசெம்பிளி (கோத்த ஜீனோம்)’ என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். குரோமோசோமின் நீளமே மூவாயிரம் என்றால் என்50 வேறு எப்படி இருக்கும்? ‘மரபணுக்கள் பாதியில் அறுந்துள்ளன’ என்று இன்னொரு குறிப்பு. அதற்கும் காரணம் உண்டு. நமக்கு யூஏஏ, யூஏஜி, யூஜிஏ மூன்றும் புரதத்தை நிறுத்தச் சொல்லும் குறிகள். ஸ்டைலோனிக்கியா, பாரமீசியம், டெட்ராஹைமெனா ஆகிய சிலியேட்களில் யூஏஏ-வும் யூஏஜி-யும் குளூட்டமின் அமினோ அமிலத்தைக் குறிக்கும், யூஜிஏ மட்டும்தான் நிறுத்தும். வழக்கமான குறியீட்டை வைத்துத் தேடினால் குளூட்டமின் வருகிற பல இடங்களில் மரபணு அறுந்து போகும். மென்பொருளில் மரபுக் குறியீட்டு அட்டவணை 6-ஐத் தேர்ந்தெடுத்து மரபணு தேடும் அகஸ்டஸை மறுபடி ஓட்டியதும் துண்டு துண்டாகக் கிடந்த மரபணுக்கள் முழு நீளத்துக்கு எழுந்து நின்றன. அன்றைக்கு லேபில் தனியாக இருந்தேன். சத்தம் போட்டுச் சந்தோஷப்பட்டேன். ஒரு எச்சரிக்கை: எல்லாச் சிலியேட்டுக்கும் அட்டவணை 6 பொருந்தாது. யூப்ளோட்டஸில் யூஜிஏ சிஸ்டீனாக மாறும், அதற்கு 10-ஆம் அட்டவணை. காண்டிலோஸ்டோமா என்ற சிலியேட்டில் மூன்று குறிகளுமே இடத்தைப் பொறுத்து அமினோ அமிலமாகவும் நிறுத்தமாகவும் வேலை செய்கின்றன. உங்கள் உயிரி எந்தக் கிளையில் இருக்கிறது என்பதை இனம் காணப் பயன்படும் 18எஸ் மரபணுவை வைத்து முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தச் செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

எது ஸ்டைலோனிக்கியா, எது பாக்டீரியா என்று பிரிக்க டெலோமியரே கை கொடுத்தது. இந்த உயிரியின் டெலோமியர் நான்கு டி, நான்கு ஜி என்று திரும்பத் திரும்ப வரும். பாக்டீரியாவின் வட்டக் குரோமோசோமில் முனையே கிடையாது. ஆகவே கோத்த துண்டின் இரண்டு முனையிலும் அந்த எழுத்து வரிசை இருந்தால் அது முழு நானோகுரோமோசோம், சந்தேகமே வேண்டாம். ஒரு முனையில் மட்டும் இருந்தாலும் நம்முடையதுதான். முனை இல்லாதவற்றை ஜி, சி விகிதம், ரீட்களின் அடர்த்தி, அட்டவணை 6-இல் நீளமான மரபணு கிடைக்கிறதா என்பது மூன்றையும் வைத்துப் பார்த்தேன். பிளாப்டூல்ஸ் என்ற மென்பொருளில் படம் போட்டபோது இரண்டு கூட்டமும் தனித்தனியே விலகி நின்றன. டெலோமியரின் எழுத்து வரிசையை உலகம் முதலில் படித்ததே டெட்ராஹைமெனா என்ற சிலியேட்டில்தான். 2009 நோபல் பரிசுக்கு வழி வகுத்த வேலை அது. அதன் உறவுக்கார உயிரி ஒன்றை ஆராயும்போது அதே டெலோமியர் என் தரவைக் காப்பாற்றியதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

கல்ச்சரைப் பற்றி ஒன்று. கோடை விடுமுறையில் இரவெல்லாம் மின்சாரம் போய், இன்குபேட்டருக்குள் இருந்தது முழுக்கச் செத்த ஒரு சம்பவம் எங்கள் துறையில் நடந்தது. என் செல்கள் பிழைத்தது, லேப் அண்ணா ஒருவர் தன் மேசையில் ஒரு பெட்ரித் தட்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான். பட்டினி போட்டால் ஸ்டைலோனிக்கியா தன்னைச் சுற்றிக் கூடு கட்டி உறங்கிவிடும், மாதக்கணக்கில் தாங்கும், புது உணவு கண்டால் விழிக்கும். எப்போதும் அப்படி ஒரு தட்டாவது வேறு கட்டடத்தில் இருக்கட்டும். பணம் கட்டும் முன், சாம்பிள் இந்தியாவுக்குள்ளேயே சீக்வென்ஸ் ஆகிறதா, வெளிநாட்டுக்குப் போகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். போகிறது என்றால் 2002-ஆம் வருட உயிரியப் பன்முகத்தன்மைச் சட்டம் குறுக்கே வரும். தேசிய உயிரியப் பன்முகத்தன்மை ஆணையம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது, என்ன அனுமதி தேவை என்று அங்கேயே விசாரித்துவிடலாம். ஒப்பந்தத்தில் மூலத் தரவு முழுவதையும் வடிகட்டாமல் தர வேண்டும் என்று சேருங்கள். மீதி டி.என்.ஏ-வைத் திருப்பி அனுப்பவும் சொல்லுங்கள்.

இப்போது என் கட்டுரை மதிப்பீட்டில் இருக்கிறது. ஒரு மதிப்பீட்டாளர் என்50 ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டிருக்கிறார். இரண்டு முனையிலும் டெலோமியர் உள்ள துண்டுகளின் பட்டியலையும், பழைய ஜெல் படத்தையும் இணைத்துப் பதில் தயாராகிக்கொண்டிருக்கிறது. முதல் சுற்றில் வீணானதாக நினைத்த பாக்டீரியா ஜீனோம்களையும் தூக்கி எறியவில்லை. கண்மாயில் ஸ்டைலோனிக்கியாவோடு என்னென்ன வாழ்கின்றன என்பதற்கான தரவு அது, அதை ஜூனியர் தம்பி ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். கழித்த தரவு உட்பட எல்லாவற்றையும் ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் வைக்கப் போகிறோம். நீங்கள் இதே வகைச் சிலியேட்டோடு வேலை செய்கிறீர்கள் என்றால், கொட்டேஷன் கேட்கும் கடிதத்தில் மூன்று வரிகளைக் கட்டாயம் எழுதுங்கள்: குட்டைத் துண்டுகளை நீக்கக் கூடாது, ஒலி அலையால்தான் உடைக்க வேண்டும், ஜெல்லில் ஸ்மியர் வருவது இயல்பு.